கிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள்: கடல்கடந்த தத்தெடுப்பில் விசுவாசமும் ஐக்கியமும்

ஒரு நாட்டில் பிறந்த குழந்தையை வேறொரு நாட்டுத் தம்பதியர் சட்டப்படி தம் பிள்ளையாக ஏற்று, குடியேற்ற அனுமதி பெற்று, தம் ஊருக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி, கிரேக்கம், ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து குழந்தைகள் அமெரிக்காவுக்குச் சென்றதுண்டு என்றாலும், விண்ணப்பம், காத்திருப்பு, பயணம், வரவேற்பு என்று படிப்படியாக நடக்கும் நிலையான ஏற்பாடாக அது உருக்கொண்டது 1950களின் நடுவில், கொரியப் போர் ஓய்ந்த பிறகுதான். இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சட்டங்களையும் எண்ணிக்கைகளையும் கொண்டு எழுதுவதே வழக்கமாக இருந்துவந்துள்ளது; தத்தெடுத்த பெற்றோர் தமக்குள் அமைத்துக்கொண்ட உறவு அந்த வரலாற்றில் ஓர் உணர்ச்சிமிக்க அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது. உண்மையில் அந்த உறவு, தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘ஐக்கியம்’ என்று வழங்கும் விசுவாசிகளின் தோழமை, குழந்தைகள் வந்த பின் விளைந்த துணைப்பயன் அன்று. தொடக்க ஆண்டுகளில் எந்த வீட்டுக்குக் குழந்தையை அனுப்பலாம் என்பதைத் தீர்மானித்த தகுதியாகவே அது இருந்தது. அதன் பலமும் குறையும் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

1953ஆம் ஆண்டு ஜூலையில் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது தென்கொரியாவில் அனாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. அவற்றிலிருந்த குழந்தைகளில் ஒரு பிரிவினரின் நிலை தனிச் சிக்கலாக இருந்தது. அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த அப்பிள்ளைகளுக்குக் கொரியக் குடும்பப் பதிவேடான ‘ஹோஜுக்’கில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. தந்தை வழியிலேயே குடும்பமும் குடியுரிமையும் கணக்கிடப்பட்ட அச்சமூகத்தில், பெயர் தெரியாத அயல்நாட்டுத் தந்தையின் பிள்ளை பள்ளியிலும் வேலையிலும் திருமணத்திலும் அந்நியனாகவே நின்றது. இக்குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவதே நல்லது என்று குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயின் அரசு கருதியதால், 1954ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அரசுச் சேவை அமைப்பும் நிறுவப்பட்டது.

வாங்கிக்கொள்ள வேண்டிய நாட்டில் வேறு வகைத் தடைகள் இருந்தன. அமெரிக்கத் தத்தெடுப்பு முகமைகள் அக்காலத்தில் ‘பொருத்தம் பார்த்தல்’ என்ற கொள்கையைக் கடைப்பிடித்தன. நிறத்திலும் இனத்திலும் மதத்திலும் குழந்தை பெற்றோரை ஒத்திருக்க வேண்டும், பார்ப்பவர் அது வயிற்றில் பிறந்த பிள்ளை என்றே எண்ண வேண்டும் என்பது அதன் சாரம். சில மாநிலங்களில் மதப் பொருத்தம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் நாவலாசிரியை பேர்ல் பக். சீனாவில் வளர்ந்தவரும் 1938ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பரிசு பெற்றவருமான அவர், எந்த முகமையும் ஏற்காத ஆசியக் கலப்பினக் குழந்தைகளுக்காக 1949ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் ‘வெல்கம் ஹவுஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். குடியேற்றச் சட்டமும் தாராளமாக இல்லை. 1953ஆம் ஆண்டின் அகதிகள் நிவாரணச் சட்டம் அனாதைக் குழந்தைகளுக்கென 4,000 விசாக்களை ஒதுக்கியபோதும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகள் என்று வரம்பு கட்டியிருந்தது.

அந்த வரம்பை மீறியவர்கள் ஓரிகன் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஹாரி ஹோல்ட், பெர்தா ஹோல்ட் தம்பதியர். ஹாரி விவசாயமும் மரத்தொழிலும் செய்து வசதியடைந்தவர், இதயநோயால் ஒருமுறை சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர். பெர்தா செவிலியர் பயிற்சி பெற்றவர். தாம் பெற்ற பிள்ளைகள் ஆறு பேர் இருந்த நிலையில், ‘வேர்ல்ட் விஷன்’ அமைப்பின் நிறுவனர் பாப் பியர்ஸ் 1954ஆம் ஆண்டின் இறுதியில் அருகிலிருந்த யூஜீன் நகரில் திரையிட்ட கொரியப் படத்தைக் கண்டு, எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பதென்று அவர்கள் முடிவு செய்தனர். இரண்டுக்கு மேல் சட்டம் இடங்கொடாததால், ஓரிகன் செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் முன்னின்று அந்த ஒரு குடும்பத்துக்கென்றே ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார்; 1955ஆம் ஆண்டின் கோடையில் அது நிறைவேறியது. அக்டோபரில் ஹாரி 12 குழந்தைகளுடன் போர்ட்லண்டில் வந்திறங்கினார். அவர்களுள் எட்டுப் பேர் ஹோல்ட் குடும்பத்துக்கும் மற்றவர்கள் வேறு குடும்பங்களுக்கும் உரியவர்கள். விமான நிலையத்தில் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் கூடியிருந்தனர். நாடெங்கும் வெளியான அப்படங்களைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று எழுதிய கடிதங்கள் கிரெஸ்வெல் அஞ்சலகத்தில் குவியத் தொடங்கின.

அடுத்த ஆண்டு முறைப்படி ஒரு தத்தெடுப்புத் திட்டத்தை ஹோல்ட் தம்பதியர் தொடங்கியது இந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் தேவையிலிருந்துதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் எழுத முடியாத நிலையில் சைக்ளோஸ்டைல் செய்த பொதுக் கடிதமே விடையாகச் சென்றது. விண்ணப்பிப்போர் ‘இரட்சிக்கப்பட்டவர்களாக’, அதாவது இயேசுவைத் தம் சொந்த மீட்பராக ஏற்றுப் புதுப்பிறப்பு அடைந்ததாக அறிக்கையிடும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களாக, இருக்க வேண்டும் என்பதே அதன் முதன்மையான நிபந்தனை. வருமானம், வீட்டின் பரப்பு, தம்பதியரின் வயது, முன்பே பிள்ளைகள் உண்டா என்பது போன்று முகமைகள் துருவித் துருவிக் கேட்ட கேள்விகள் இங்கே பின்னுக்குப் போயின. வயது கூடியவர் என்றோ வேறு பிள்ளைகள் இருக்கின்றனர் என்றோ பிற முகமைகளால் திருப்பி அனுப்பப்பட்ட பலருக்கு இங்கே கதவு திறந்தது. மற்றவர்களுக்கு அடைபட்டது: பக்தியில் சற்றும் குறையாத யூதரும் கத்தோலிக்கரும் அந்த அறிக்கையில் கையொப்பமிட இயலாதவர்கள். தேவன் ஒரு குழந்தைக்கென ஒரு வீட்டை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறார், மனிதர் செய்ய வேண்டியது இரண்டையும் இணைப்பது மட்டுமே என்பது ஹாரி ஹோல்ட்டின் உறுதியான நம்பிக்கை. பெர்தா 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கு, சந்ததியைக் கிழக்கிலிருந்து வரப்பண்ணுவதாக ஏசாயா 43ஆம் அதிகாரம் கூறும் வாக்குறுதியிலிருந்தே தலைப்பைத் தேர்ந்துகொண்டார். இந்த மனநிலையை, நாட்டுப்பற்றும் சுவிசேஷப் பற்றும் ஒன்றாகக் கலந்த ‘கிறிஸ்தவ அமெரிக்கவாதம்’ என்று வரலாற்றாசிரியர் அரிசா ஓ வரையறுக்கிறார்.

சட்ட வழியில் இதற்குத் துணைநின்றது ‘பதிலாள் தத்தெடுப்பு’. பெற்றோர் கொரியாவுக்குப் போக வேண்டியதில்லை. அவர்கள் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு ஹோல்ட் அவர்களுக்குப் பதிலாகக் கொரிய நீதிமன்றத்தில் தத்தெடுப்பை முடிப்பார். குழந்தை அமெரிக்க மண்ணில் கால்வைக்கும்போதே சட்டப்படி அவர்களுடைய பிள்ளையாகியிருக்கும். ஆனால் அதுவரை அவர்கள் கண்டிருந்தது ஒரு புகைப்படத்தை மட்டுமே, சில வேளைகளில் அதைக்கூட இல்லை. சமூகப் பணித் துறையினர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். வீட்டுக்கு நேரில் சென்று குடும்பத்தின் நிலையை அறியும் ‘இல்ல ஆய்வு’ நடக்கவில்லை, நோயுற்ற கைக்குழந்தைகள் நெடும்பயணத்துக்கு உட்படுத்தப்படுகின்றனர், பொருந்தாத வீடுகளில் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கேட்பார் இல்லை என்று சர்வதேச சமூகச் சேவை அமைப்பின் அமெரிக்கக் கிளையும் குழந்தைநலச் சங்கங்களும் முறையிட்டன. இக்குற்றச்சாட்டுகள் வெறும் தொழிற்போட்டியில் எழுந்தவை அல்ல; வாடகைக்கு அமர்த்திய விமானங்களில் வந்த குழந்தைகளில் சிலர் வழியிலும் வந்து சேர்ந்த சில நாட்களிலும் இறந்தது பதிவாகியுள்ள செய்தி. கொரிய இல்லங்களில் குழந்தைகள் அதைவிட விரைவாக இறந்துகொண்டிருந்தனர், தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் உயிரிழப்பே என்பது ஹோல்ட் தரப்பின் பதில். அதிலும் உண்மை இருந்தது.

ஆய்வாளர் இல்லாத இடத்தில் ஐக்கியம் அவருடைய வேலையைச் செய்தது. போதகர் எழுதிய நற்சான்றும் சபையில் அளித்த சாட்சியும் தகுதிச் சான்றாயின. குழந்தை வரும் தேதி வந்ததும் ஒரே விமானத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல மாநிலங்களிலிருந்து ஒரே நிலையத்தில் கூடின. அதுவரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் அந்த இரவில் சேர்ந்து ஜெபித்து, ஒருவர் பிள்ளையை மற்றவர் கையில் வாங்கிப் பார்த்து, முகவரிகளை எழுதிக்கொண்டனர். விமானத்திலிருந்து இறக்கப்பட்ட குழந்தையின் மணிக்கட்டில் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு பட்டை கட்டப்பட்டிருக்கும்; பல வீடுகளில் அந்தப் பட்டை முதல் உடையோடு சேர்த்துப் பெட்டியில் பத்திரப்படுத்தப்பட்டது. வந்த குழந்தை தரையில்தான் படுக்கிறது, பால் ஒத்துக்கொள்ளவில்லை, கிடைத்த உணவைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறது என்ற திகைப்புகளுக்கு உள்ளூர் மருத்துவரிடம் பதில் இருக்கவில்லை. முன்னமே ஒரு குழந்தையை வரவேற்ற வீட்டாரிடம் இருந்தது. அவ்வாறு பயணித்த கடிதங்களே நாளடைவில் செய்திமடலாயின, ஆண்டுதோறும் கோடையில் ஒரு பூங்காவில் கூடி உண்ணும் ‘ஹோல்ட் பிக்னிக்’குகளும் பல மாநிலங்களில் வழக்கமாயின. வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஊர்களில் கறுத்த முடியும் குறுகிய கண்ணும் கொண்ட பிள்ளையை வளர்த்தவர்களுக்கு, தம்மைப் போன்ற குடும்பங்கள் ஐம்பது ஒரே புல்வெளியில் அமர்ந்திருப்பதைக் காணும் நாள் அது. உறவினர் முகம் சுளித்த வீடுகளுக்கு இந்தக் கூட்டமே சுற்றமாக அமைந்தது என்று சொல்வது மிகையாகாது.

1961ஆம் ஆண்டு இருபுறமும் மாற்றம் வந்தது. அமெரிக்கா அனாதைக் குழந்தைகளின் குடியேற்றத்தை நிரந்தரச் சட்டமாக்கியபோது, குழந்தையைப் பாராமலே முடிக்கும் பதிலாள் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கொரியா அனாதைகளின் தத்தெடுப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1964ஆம் ஆண்டில் ஹாரி கொரியாவில் காலமாகி, தாம் நிறுவிய இல்சான் இல்லத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய அமைப்பு சமூகப் பணியாளர்களை நியமித்து, இல்ல ஆய்வு நடத்தி, மற்ற முகமைகளைப் போன்ற முகமையாகியது. விசுவாச அறிக்கை தகுதி என்ற இடத்தை இழந்தாலும் ஐக்கியம் கலையவில்லை, புது வேலையைத் தேடிக்கொண்டது. மின்னசோட்டா மாநிலத்தில் லுத்தரன் சபையின் சமூகச் சேவை அமைப்பும் வேறு முகமைகளும் கொரியக் குழந்தைகளைப் பெருமளவில் வரவழைத்ததால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியத் தத்துப்பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். ஞாயிறு ஆராதனையில் ஒரே வரிசையில் இரண்டு மூன்று தத்துக் குடும்பங்கள் அமர்வது அம்மாநிலச் சிற்றூர்களில் புதுமையாக இருக்கவில்லை. 1980களில் பெற்றோர் குழுக்கள் ‘பண்பாட்டு முகாம்’களைத் தொடங்கின. ஒரு வாரத்துக்குக் கிம்ச்சி உணவு, தேக்வாண்டோ, விசிறி நடனம், கொரிய எழுத்துகள் என்று நடந்த இம்முகாம்கள் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால் அவற்றில் சமைக்கப்பட்ட கொரியா, பிள்ளைகள் விட்டுவந்த கொரியா அன்று.

விட்டுவந்த கொரியாவில் கலப்பினக் குழந்தைகளின் காலம் முடிந்திருந்தது. 1970களிலும் 1980களிலும் அனுப்பப்பட்டோர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரான, மணமாகாத இளம்பெண்களின் பிள்ளைகளும் வறுமையிலோ மணமுறிவிலோ சிக்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் ஆவர். 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,800-க்கும் அதிகமானோர் அனுப்பப்பட்டனர். தொழில்வளத்தில் உலகமே வியந்த நாடு அது என்பதை நினைத்தால்தான் இந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும். பெற்றோர் உயிரோடிருக்கும் குழந்தைக்கும் ‘அனாதை ஹோஜுக்’ என்ற புதுப் பதிவு உண்டாக்கப்பட்டது. அதில் அக்குழந்தை யாருக்கும் பிறவாததாய், தானே ஒரு குடும்பத்தின் தலைமையாய் நின்றது. அமெரிக்க விசாச் சட்டம் கேட்டது அனாதையை. பதிவேடு அனாதையைத் தந்தது. தத்துப் பெற்றோரின் ஐக்கியம் இதனைக் கேள்வி கேட்காமலிருந்ததற்குத் தீய எண்ணம் காரணமன்று. தேவன் குறித்துவைத்த பிள்ளை என்ற நம்பிக்கைக்குள் குழந்தையைப் பெற்ற தாய்க்கு, நன்றியோடு நினைக்கப்படுபவள் என்பதைத் தாண்டிய ஓர் இடம் இருக்கவில்லை. ஜெபங்களில் அவள் பெயரின்றி இடம்பெற்றாள்; கூட்டங்களில் அவள் இடம்பெறவே இல்லை.

1992ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வழியே சீனா தன் குழந்தைகளை அயல்நாட்டாருக்குத் தரத் தொடங்கியபோது இந்த ஐக்கியம் மற்றொரு வடிவம் எடுத்தது. ஒரு குழந்தைக் கொள்கையின் நெருக்குதலில் கைவிடப்பட்ட பெண்குழந்தைகளே அங்கு மிகுதி. ஏற்கவந்தவர்களோ சபைகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமல்லர். நடுவயது கடந்த பேராசிரியர்கள், தனித்து வாழும் பெண்கள், யூதர், எந்த மதத்தையும் சாராதோர் எனப் பலவகையினர். சீன விதிப்படி பெற்றோர் நேரில் வரவேண்டியிருந்ததால், முகமைகள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை ஒரே குழுவாக அனுப்பின. மாகாணத் தலைநகரின் அலுவலக அறையொன்றில் அனைவர் கையிலும் ஒரே நாளில் குழந்தைகள் தரப்படுவர். பின்னர் குடியேற்ற விசாவுக்காக எல்லாக் குழுக்களும் குவாங்சூ நகரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த ஷாமியன் தீவுக்கு வந்து சேரும். அங்கிருந்த வெள்ளை அன்னம் விடுதி, தள்ளுவண்டிகளும் பால்புட்டிகளும் நிறைந்த ஒரு சத்திரமாகவே பல ஆண்டுகள் விளங்கியது. தத்துப்பிள்ளையை ஏந்திய வெள்ளைப் பெண்ணின் உருவில் மட்டெல் நிறுவனம் செய்த ஒரு பார்பி பொம்மை அங்கு தங்கிய குடும்பங்களுக்குப் பரிசாகத் தரப்பட்டது. வணிகம் எந்த யாத்திரைத் தலத்தையும் விட்டுவைப்பதில்லை.

பொதுவான மதம் இல்லாத இக்கூட்டம் தனக்கென ஒரு விசுவாசத்தைத் திரட்டிக்கொண்டதுதான் வியப்பு. நிலவொளியில் அமர்ந்த முதியவர் ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஆகவேண்டியவர்களின் கால்களைக் கண்ணுக்குத் தெரியாத செந்நூலால் பிணைக்கிறார் என்பது தாங் காலத்திலிருந்து வழங்கும் சீனக் கதை. திருமணத்துக்குரிய அக்கதையைத் தத்துப் பெற்றோர் பெற்றோர்-பிள்ளை உறவுக்கு மாற்றிக்கொண்டு, செந்நூலைத் தம் சின்னமாக்கினர். நண்பரும் உறவினருமாக நூறு பேரிடம் ஆளுக்கொரு துணித்துண்டும் ஒரு வாழ்த்தும் பெற்று, அவற்றை ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்து, குழந்தை வரும்வரை காத்திருப்பதும் வழக்கமாயிற்று. நூறு வீட்டுத் துணியால் குழந்தையைப் போர்த்தும் சீன வழக்கத்திலிருந்து எடுத்தது அது. ஹாரி ஹோல்ட் வேத வசனத்தில் கண்ட உறுதியை இவர்கள் நூலிலும் துணியிலும் தேடினர். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு கோப்பு வரிசையின்படி, அலுவலர் ஒருவர் மேசையில் இணைத்த உறவு இது என்பதைத் தாங்கிக்கொள்ள மனிதருக்கு ஏதோவொரு ஊழ் தேவைப்படுகிறது போலும். 2005ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பிள்ளைகள் ஏறத்தாழ 7,900 பேர். அதே ஆண்டின் இறுதியில் ஹூனான் மாகாணத்தில் சில இல்லங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கியது அம்பலமானபோது, செந்நூல் கதையைச் சொல்லி வளர்த்த பெற்றோருக்கு அந்த நூலின் மறுமுனையை யார் கட்டினார் என்ற கேள்வி எழுந்தது.

சுவிசேஷ சபைகளில் பழைய ஊக்கம் 2000களில் மீண்டும் எழுந்தது. மீட்பைப் ‘புத்திர சுவிகாரம்’ என்று பவுல் உருவகித்ததை ஆதாரமாகக் கொண்டு, தத்தெடுத்தலே நற்செய்தியின் வடிவம் என்று போதகர்கள் பிரசங்கித்தனர். தெற்கத்திய பாப்டிஸ்டு மாநாடு 2009ஆம் ஆண்டில் அதற்கெனத் தீர்மானமே நிறைவேற்றியது. சபைகள் செலவுக்கு நிதி திரட்டின, காத்திருக்கும் தம்பதியருக்கு ஜெபக்குழுக்கள் அமைத்தன, வந்தபின் வாரக்கணக்கில் சமைத்து அனுப்பின. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டியிலிருந்து 33 குழந்தைகளை எல்லை கடத்த முயன்றதாக அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப் பேர் கைதாயினர். அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். குழந்தையைக் காக்கும் அவசரம் ஆவணத்தைச் சரிபார்க்கும் பொறுமையை விழுங்கிய இந்நிகழ்ச்சி, அரை நூற்றாண்டுக்கு முந்தைய பதிலாள் தத்தெடுப்பு வாதத்தின் மறுபதிப்பு. அதற்குள் 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும், இந்தியாவைப் பொறுத்தவரை லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பும், சொந்த நாட்டில் குடும்பம் தேடிய பின்னரே அயல்நாடு என்ற வரிசையை வலியுறுத்தியிருந்தன. 2004ஆம் ஆண்டில் 23,000-ஐ நெருங்கிய அமெரிக்காவின் அயல்நாட்டுத் தத்தெடுப்பு 2023ஆம் ஆண்டில் 1,300-க்கும் கீழே இறங்கியது. 2024ஆம் ஆண்டில் சீனா தன் திட்டத்தை, உறவினர் பிள்ளைகளை ஏற்பது நீங்கலாக, முடித்துக்கொண்டது.

இந்த இறக்கத்துக்கு இடையில் வேறோர் ஐக்கியம் எழுந்தது. 1999ஆம் ஆண்டில் கொரியத் தத்துப்பிள்ளைகள், முப்பதும் நாற்பதும் வயதைத் தொட்ட நிலையில், பெற்றோரின்றித் தாமே வாஷிங்டனில் தங்கள் முதல் பன்னாட்டுக் கூட்டத்தை நடத்தினர். முந்தைய ஆண்டில்தான் கொரியக் குடியரசுத் தலைவர் கிம் டே-ஜங் தத்துப்பிள்ளைகளை நேரில் வரவழைத்து மன்னிப்புக் கேட்டிருந்தார். பெற்றோர் குழுக்களின் முயற்சியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறைவேறிய குழந்தைக் குடியுரிமைச் சட்டம், தத்துப்பிள்ளைக்குத் தானாகவே குடியுரிமை அளித்தது. ஆனால் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாளில் 18 வயது நிறைந்திருந்தோரை அது விட்டுவிட்டது. பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க மறந்த வீடுகளில் வளர்ந்து, பின்னர் ஏதோவொரு குற்றவழக்கில் சிக்கியவர்களில் சிலர், மொழி தெரியாத கொரியாவுக்கே நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்காக வாதாடும் சங்கங்களை நடத்துபவர்கள் தத்துப்பிள்ளைகளே. பதினொரு நாடுகளிலிருந்து தத்துப்பிள்ளைகள் அளித்த 367 முறையீடுகளை ஏற்று விசாரித்த கொரிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பொய்யான அனாதைப் பதிவுகளும் ஆள்மாறாட்டமும் நடந்ததை 2025ஆம் ஆண்டு மார்ச்சில் உறுதிசெய்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூலையில் தத்தெடுப்புப் பணி தனியார் முகமைகளிடமிருந்து அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. ஓரிகனில் 1983ஆம் ஆண்டில் தொடங்கிய ஹோல்ட் முகாமில், கொரிய நடனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரத்தின் பெரும்பகுதியை இப்போது இனப்பாகுபாட்டையும் பெற்ற குடும்பத்தைத் தேடுவதையும் பற்றிய உரையாடல்கள் எடுத்துக்கொண்டுள்ளன. அவற்றை வழிநடத்துபவர்கள் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்து ஆளானவர்கள்.